சங்கத் தாளும் வெள்ளிக் கோப்பையும்

உலகத்திலுள்ள பத்திரிகைகளுக்குள்ளே மிகவும் சாதுவானது எது என்று என்னைக் கேட்டால், சங்கத் தாள்தான் என்று தயங்காமல் சொல்வேன். அது ராஜாங்கத்தைக் கவிழ்க்கப் பார்ப்பதில்லை. சினிமா நக்ஷத்திரங்களின் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மாதத்திற்கு ஒரு முறை இரண்டு பக்கமோ நாலு பக்கமோ வெளிவந்து, சென்ற கூட்டத்தில் என்ன நடந்தது, அடுத்த கூட்டம் என்றைக்கு, சந்தா பாக்கி எவ்வளவு என்ற மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டு, பெரும்பாலும் அலமாரித் தட்டில் விரிப்பாகப் போய் ஓய்வெடுத்துக் கொள்கிறது.

இப்பேர்ப்பட்ட சாதுப் பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடும் வேலை இரண்டு வருஷங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. சேவல் சண்டை நடத்துகிறவனுக்காவது, சேவல்கள் பிறவியிலேயே கோபக்காரப் பட்சிகள் என்ற சமாதானம் உண்டு. எனக்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

விஷயம் இதுதான். எங்கள் ஜில்லாவில் ஒரு வாசகர் சங்கம் இருக்கிறது. அதன் பெயரையும் ஊர்ப் பெயர்களையும் சொல்லப் போவதில்லை. அந்த ஊர்களுக்கெல்லாம் நான் இன்னும் போய்வர வேண்டியிருக்கிறது. சங்கத்துக்கு 11 கிளைகள். கிளைக்கு ஒரு சிறு நூலகம், மாதத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்குப் பின் ஒரு தாள். இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு நாள் மாலை ஜில்லாக் காரியதரிசி என் வீட்டுக்கு வந்தார். "கிளைத் தாள்களுக்குள் ஒரு போட்டி வைத்து, சிறந்த தாளுக்கு வெள்ளிக் கோப்பை கொடுக்கலாம் என்று நிர்வாக சபை தீர்மானித்திருக்கிறது. நீங்கள்தான் நடத்திக் கொடுக்க வேண்டும். சரித்திர உபாத்தியாயர், எம்.ஏ. படித்தவர்; பட்சபாதம் இல்லாதவர்" என்றார். மூன்றாவது காரணத்தைக் கேட்டதும் நான் ஒப்புக்கொண்டேன். புகழ்ச்சிக்கு மயங்காதவன் நான் என்று யாராவது புகழ்ந்தால் உடனே மயங்கிவிடுவேன்.

அவர் போனபின், என் மனைவி, மேஜைமேல் குவிந்திருந்த அரைப் பரீட்சை விடைத்தாள்களைப் பார்த்துவிட்டு, "இருக்கிற 120 போதாதென்று இன்னும் பதினொன்றா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த ஞானம் அப்போது எனக்குப் புலப்படவில்லை. விடைத்தாளைத் திருத்துகிறவனுக்கு எதைக் கண்டாலும் மார்க்குப் போடத் தோன்றும். அந்த வியாதிதான் பின்னால் நடந்த அனர்த்தத்துக்குக் காரணம்.

முதல் வருஷத்து விதிகளை நானே உட்கார்ந்து எழுதினேன். அட்டைக்கும் அமைப்புக்கும் 40 மார்க்கு, படங்களுக்கு 20, பாஷைக்கு 20, விஷயத்துக்கு 20. ஒவ்வொரு கிளையும் தனக்குப் பிடித்த ஓர் இதழை அனுப்ப வேண்டும். மூன்று மத்தியஸ்தர்கள் மார்க்குப் போட வேண்டும். தை மாதம் ஆண்டு விழாவில் முதலிலிருந்து கடைசி வரை எல்லாக் கிளைகளின் பெயரையும் மார்க்கையும் மேடையில் வாசிக்க வேண்டும். "மறைவு எதுவும் இருக்கக் கூடாது" என்று நான் பெருமையோடு சொன்னது ஞாபகம் இருக்கிறது.

கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது ஜில்லாவிலேயே பெரிய கிளை. வழவழப்பான காகிதம், பல வர்ணங்களில் அட்டை, 12 பக்கம். மத்தியஸ்தர்கள் மூவரும் ஏகமனதாக அதற்கே முதலிடம் தந்தார்கள். விழா முடிந்து வீட்டுக்கு வந்தபின், ஆற அமர அதைப் படித்துப் பார்த்தேன். பன்னிரண்டு பக்கத்தில் அந்தக் கிளைத் தலைவரின் படம் ஒன்பது இடத்தில் இருந்தது. பொன்னாடை போர்த்துகிறார், பொன்னாடை போர்த்தப்படுகிறார், குத்துவிளக்கை ஏற்றுகிறார், ஏற்றிய விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. இரண்டு தடவை புரட்டினேன். நிச்சயமாக இல்லை. நாற்பது மார்க்கு அட்டைக்குக் கொடுத்த மகானுபாவன் நானேயாகையால், யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், பஸ் நிலையத்தில் ஒரு பெரியவர் என்னைக் கண்டு கும்பிட்டார். ஆற்றங்கரைக் கிராமத்துக் கிளையின் பத்திராதிபர். ஓய்வுபெற்ற தபால்காரர். அவருடைய கிளையில் அங்கத்தினர்கள் மொத்தம் 23 பேர். ஆறு வருஷமாக மாதந்தவறாமல் இரண்டு பக்கத் தாளைத் தம் கையாலேயே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, பழைய பழக்கத்தை விடாமல் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தவர். போட்டியில் அவருடைய தாள் பதினோராவதாக வந்தது.

"தாள் எப்படி நடக்கிறது?" என்று கேட்டேன்.

"நிறுத்திவிட்டேன், சார்" என்றார்.

"ஏன்? உடம்புக்கு ஏதாவது…?"

"உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மேடையில் பதினோராவது என்று படித்தார்கள். எங்கள் தாளை நாங்கள் எழுதி நாங்களே படித்துக்கொண்டிருந்த வரையில் அதற்கு நம்பர் எதுவும் இல்லை. நம்பர் போட்ட பிறகு கையெழுத்தே அசிங்கமாகத் தெரிகிறது, சார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். பிறகு வேறு பேச்சுப் பேசினார். பேச்சோடு பேச்சாக ஒரு செய்தி வந்தது. அவருடைய தெருவில் நடக்க முடியாத ஒரு மூதாட்டி இருக்கிறார். கூட்டத்துக்கு அவர் வந்ததே இல்லை. மாதந்தோறும் தாள் வந்ததும் பக்கத்து வீட்டுப் பையனைத் திண்ணையில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார். புதிதாக வந்த புஸ்தகங்களின் ஜாபிதாவில் தமக்கு வேண்டியதைச் சொல்லியனுப்புவார். தாள் நின்றபின் நூலகத்தில் என்ன புஸ்தகம் வந்திருக்கிறதென்று அவருக்குத் தெரிவதில்லை. பையன் கைக்கு அகப்பட்டதைக் கொண்டுவந்து கொடுக்கிறான். ஒரே நாவல் மூன்று தடவை வந்துவிட்டதாம். "மூன்றாம் தடவையும் படித்தாராம், சார்" என்று பெரியவர் சிரித்தார். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

பத்திரிகையை வளர்ப்பதற்காக ஒரு போட்டி நடத்தி, ஒரு பத்திரிகையைக் கொன்றிருக்கிறேன் என்பது எனக்கு அந்தப் பஸ் நிலையத்தில்தான் விளங்கிற்று.

வீட்டுக்கு வந்ததும், கட்டி வைத்திருந்த தாள்களிலிருந்து பதினோராவதைத் தேடி எடுத்தேன். முதல் வரியிலேயே அடுத்த கூட்டத்தின் தேதியும் இடமும் இருந்தன. அதன்கீழே சென்ற கூட்டத்தில் பேசியவர் சொன்ன விஷயம் ஆறே வரியில். புதுப் புஸ்தகங்கள் ஒன்பது. திருப்பித் தர வேண்டிய புஸ்தகங்கள் நாலு. வாங்கியவர் பெயர் மட்டும் கருணையோடு விடப்பட்டிருந்தது. வரவு செலவு: தேநீர் 46 ரூபாய், ஜெராக்ஸ் 30 ரூபாய், கையிருப்பு 212 ரூபாய். கடைசியில், "திருத்தம்: போன மாதம் பேசியவர் ஒரு மணி நேரம் பேசினார் என்று எழுதியிருந்தோம். அவர் பேசியது இருபது நிமிஷம். மற்ற நேரமெல்லாம் மைக் சரிசெய்யப்பட்டது." இத்தனையும் இரண்டு பக்கத்தில். நானும் இரண்டு மத்தியஸ்தர்களும் இதைப் படித்த பிறகுதான் அமைப்புக்கு நாற்பதில் ஆறு மார்க்குப் போட்டிருந்தோம். படித்தோமா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். பார்த்தோம் என்பதுதான் வாஸ்தவம்.

மனசு குறுகுறுத்தால் சிலர் கோவிலுக்குப் போவார்கள். உபாத்தியாயர்கள் புஸ்தக அலமாரிக்குப் போவார்கள். சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவன் ஆகையால், நமக்கு முன்னால் இந்தக் காரியத்தைச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன்.

அமெரிக்காவில் 1860-களின் பிற்பகுதியில் சிறிய கை அச்சு யந்திரங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பலர் அவற்றை வாங்கிச் சின்னஞ்சிறு பத்திரிகைகள் அச்சடித்துத் தபால் மூலம் தங்களுக்குள் பரிமாறிக் கொண்டார்கள். 1876-ல் பிலடெல்பியா நகரத்தில் கூடி 'நேஷனல் அமெச்சூர் பிரஸ் அஸோஸியேஷன்' என்று ஒரு சங்கமே ஏற்படுத்திவிட்டார்கள். நல்ல எழுத்துக்குப் பட்டமும் பரிசும் கொடுத்தார்கள். ஆனால் பரிசைவிட எனக்குப் பிடித்தது, 1895-ல் தோன்றிய 'யுனைடெட்' என்ற இன்னொரு சங்கம் செய்த ஏற்பாடு. அங்கத்தினர்களின் பத்திரிகைகளைப் படித்து, குணதோஷங்களை எழுதிச் சங்கப் பத்திரிகையில் வெளியிடுவதற்கென்றே ஓர் இலாகா வைத்திருந்தார்கள். 1914-ல் அந்த இலாகாவின் தலைமை 24 வயது இளைஞர் ஒருவருக்குக் கிடைத்தது. வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத அந்த இளைஞர், ஊர் பேர் தெரியாத சிறுவர் சிறுமியர் அச்சடித்த தாள்களையெல்லாம் வரிவரியாகப் படித்து, இலக்கணப் பிழை முதல் செய்யுளின் சந்தம் வரை எடுத்துச் சொன்னார். பிற்காலத்தில் பயங்கரக் கதைகள் எழுதி உலகப் புகழ் பெற்ற ஹெச். பி. லவ்கிராப்ட்தான் அவர். நானோ பதினோரு தாளுக்கும் பதினோரு எண்ணைக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டவன். ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பத்திராதிபர் என்ன செய்வார்? சந்தோஷப்படலாம்; அல்லது நிறுத்திவிடலாம்.

சங்கத் தாளின் தொழில் என்ன என்ற கேள்விக்கும் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரி, 1910-ல் 16 நகரங்களில் சங்கங்களாகப் பரவியிருந்தது. ஓர் ஊரில் நடப்பது அடுத்த ஊருக்குத் தெரிய வேண்டாமா? 1911 ஜனவரியில் அவர்களுடைய பத்திரிகையின் முதல் இதழைக் காரியதரிசி செஸ்லி பெரி வெளியிட்டார். கூட வர முடியாதவர்களைக் கூட்டிவைப்பதுதான் அதன் தொழில்.

நம் தேசத்திலேயே இதைவிடப் பெரிய திருஷ்டாந்தம் உண்டு. 1930-ல் நவஜீவன் அச்சகத்தை அரசாங்கம் பறிமுதல் செய்தபோது, காந்திஜியின் 'யங் இந்தியா' சைக்ளோஸ்டைல் தாள்களாக வெளிவந்தது. மை படிந்த அந்தத் தாள் கைமாறிக் கைமாறிப் போனபோது, அமைப்புக்கு நாற்பதில் எத்தனை என்று யாராவது கேட்டிருப்பார்களா? என்னைப் போன்ற மத்தியஸ்தனிடம் அகப்பட்டிருந்தால் அதற்கும் ஆறு மார்க்குத்தான் கிடைத்திருக்கும்.

நாலாவதாக ஒருவரையும் சொல்ல வேண்டும். சீர்காழியில் 1892-ல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, பிறகு சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் நேரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவற்றில் நாலாவது. தினமும் கைப்பேசியில் நாற்பது செய்திகள் வந்து விழும் இந்தக் காலத்தில், சங்கத் தாள் எதற்கு, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு இந்த விதியே பதில். அனுப்புவதற்கு யந்திரம் போதும். நாற்பதில் எந்த நாலு முக்கியம் என்று தேர்ந்தெடுப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதருக்குத்தான் பத்திராதிபர் என்று பெயர். போட்டி வைப்பதானால் அந்தத் தேர்ந்தெடுக்கும் திறமைக்குத்தான் வைக்க வேண்டும்.

இவ்வளவு யோசித்தபின் இரண்டாம் வருஷத்து விதிகளை மாற்றி எழுதினேன். உங்கள் ஊர்ச் சங்கங்களிலும் இப்படிப் போட்டி நடத்த யாராவது முன்வரலாம் என்பதால், அவற்றைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கிளை அனுப்பும் இதழை ஏற்றுக்கொள்வதில்லை. முந்திய வருஷத்தில் அடுத்தடுத்து வெளிவந்த மூன்று இதழ்களைச் சீட்டுக் குலுக்கி நாங்களே தேர்ந்தெடுத்தோம். கல்யாணத்தன்று எடுத்த படத்தை வைத்து ஒரு வீட்டுச் சமையலை மதிப்பிட முடியாது. சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் போய்ச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஐம்பது அங்கத்தினருக்கு மேற்பட்ட கிளைகள் ஒரு பிரிவு; மற்றவை ஒரு பிரிவு. காகிதம் வாங்கப் பணமுள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே களத்தில் நிறுத்துவது போட்டியாகாது.

மூன்றாவது, மார்க்கு. அங்கத்தினருக்குப் பயன்படும் செய்திக்கு 40, செப்பனிட்டு எழுதுவதற்கு 25, காலந்தவறாமைக்கு 15, சாதாரண அங்கத்தினர்கள் எழுதியது வெளிவந்திருந்தால் 10, தோற்றத்துக்கு 10. செய்திக்குரிய நாற்பதை மத்தியஸ்தர்கள் தங்கள் இஷ்டப்படி போட முடியாது. அந்தக் கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, ஐந்து நிமிஷம் படிக்கவிட்டு, வாங்கி வைத்துக்கொண்டு ஐந்து கேள்விகள் கேட்டோம். கூட்டத்தில் என்ன நடந்தது? அடுத்த கூட்டம் எப்போது, எங்கே? பணம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று? உங்களால் ஆகக் கூடிய காரியம் என்ன? யாரிடம் கேட்க வேண்டும்? ஒரு விடைக்கு எட்டு மார்க்கு. பரீட்சை எழுதியவர் படித்தவர். மார்க்கு வாங்கியது தாள். இருபது வருஷமாகப் பரீட்சை நடத்துகிற எனக்கு, வினாத்தாள் பிள்ளைகளை மட்டுமல்ல, சொல்லிக் கொடுத்தவனையும் சோதிக்கிறது என்பது இதற்கு முன் இவ்வளவு தெளிவாகப் படவில்லை.

நாலாவது, பரிசு பெற்றவர்களின் பெயரைத் தவிர வேறு யாருடைய வரிசையையும் மேடையில் வாசிப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பத்திராதிபருக்கும் தனித்தனியே ஒரு பக்கக் கடிதம்: உங்கள் தாளில் மெச்சத் தக்கவை இரண்டு, அடுத்த மாதமே திருத்தக் கூடியது ஒன்று. ஒன்றுக்கு மேல் குறை சொல்லக் கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக் கொண்டேன். உபாத்தியாயருக்கு இது பட்டினி விரதத்தைவிடக் கடினம்.

ஐந்தாவது, நேர்முகப் பரீட்சை. ஆண்டு விழாவன்று காலையில் பத்திராதிபர்கள் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, நான் கற்பனையாகத் தயாரித்த ஒரு கூட்ட நடவடிக்கைக் குறிப்பைக் கொடுத்தேன். 600 சொற்கள். அதை 150 சொற்களாக்க வேண்டும்; நேரம் ஒரு மணி. குறிப்பில் பிரார்த்தனை முதல் நன்றியுரை வரை எல்லாம் இருந்தது. மேடையில் வீற்றிருந்த பிரமுகர்கள் 11 பேரின் பெயரும் பட்டங்களோடு இருந்தன. கடைசிப் பகுதியில் நன்றியுரைக்கு நடுவே ஒரு வாக்கியத்தை ஒளித்து வைத்தேன்: நூலகக் கூரை ஒழுகுவதால் புஸ்தகங்கள் அடுத்த மாதம் பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கு மாற்றப்படும், கூரையைச் செப்பனிட இன்னும் 1,740 ரூபாய் குறைகிறது.

ஆற்றங்கரைக் கிளை கலந்துகொள்ளவில்லை. மற்றப் பத்துப் பேர் எழுதினார்கள். பத்தில் மூன்று பேர்தான் கூரையையும் குறைந்த பணத்தையும் காப்பாற்றினார்கள். நாலு பேருடைய தாளில் பதினோரு பிரமுகர்களும் பட்டம் உதிராமல் வீற்றிருந்தார்கள்; கூரை மட்டும் இல்லை. மழை பெய்தால் அந்தப் பிரமுகர்கள் எல்லோரும் நனைய வேண்டியதுதான்! அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. பெயர் விட்டுப்போனால் மறுநாள் டெலிபோன் வருகிறது. கூரை விட்டுப்போனால் யாரும் டெலிபோன் செய்வதில்லை. சங்கத் தாளின் பத்திராதிபர் ஒவ்வொருவரும் இந்தப் பயத்தோடுதான் பேனாவை எடுக்கிறார்.

நேர்முகப் பரீட்சையில் முதலில் வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? முதல் வருஷம் கோப்பை வாங்கிய அதே பெரிய கிளையின் பத்திராதிபர். இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். அவர் எழுதியதன் முதல் வாக்கியமே, அடுத்த மாதம் புஸ்தகங்கள் எங்கே கிடைக்கும் என்பதுதான். இரண்டாம் வாக்கியம் 1,740 ரூபாய். பிரமுகர்கள் அனைவரும் "சிறப்பு விருந்தினர்கள் பதினொருவர் வந்திருந்தனர்" என்ற நாலு சொல்லில் அடங்கிவிட்டார்கள்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பகல் போஜனத்தின்போது அவரிடம் போய், "உங்கள் தாளில் ஒன்பது படம் போட்டவர் நீங்கள்தானா?" என்று கேட்டே விட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஒன்பதையும் நான் போடவில்லை, சார். போடச் சொன்னார்கள். அடுத்த கூட்டத் தேதிக்கு இடம் வைத்திருந்தேன். அந்த இடத்தில்தான் ஒன்பதாவது படம் வந்தது" என்றார். பிறகு தணிந்த குரலில், "போன வருஷம் நீங்கள் கோப்பை கொடுத்தபின் நான் வாய் திறக்க முடியவில்லை. படம் வைத்ததால்தான் பரிசு என்று ஆகிவிட்டது" என்றார்.

ஆற்றங்கரையில் ஒரு தாளை நிறுத்திய அதே நாற்பது மார்க்கு, இங்கே ஒரு நல்ல பத்திராதிபரின் வாயையும் அடைத்திருக்கிறது. போட்டி என்றால் திறமையை அளக்கிற கோல் என்று நினைத்திருந்தேன். அளப்பது அதன் சின்ன வேலை. எதைச் செய்தால் மெச்சுவார்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்வது அதன் பெரிய வேலை. அதை யோசிக்காமல் விதி எழுதினால், தப்பான காரியத்துக்கு நாமே தண்டோரா போட்டதாகிவிடும்.

அன்று மாலை அந்தக் கிளைத் தலைவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நான் தயாராகத்தான் இருந்தேன். "தோற்றத்துக்குப் பத்தே மார்க்கா? நாங்கள் எவ்வளவு செலவு செய்கிறோம் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். "ஐயா, உங்கள் தாளின் தோற்றத்துக்குப் பத்துக்குப் பத்து கிடைத்திருக்கிறது. செய்தியில்தான் நாற்பதுக்குப் பதினாறு. உங்கள் கிளையில் நல்ல பத்திராதிபர் இருக்கிறார், அவர் போக்கில் விட்டால் நாற்பதும் கிடைக்கும்" என்று சொல்லி, அந்தப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் அவர் கையில் கொடுத்தேன். திருத்தக் கூடியது ஒன்று என்ற இடத்தில், "முதல் பக்கத்தின் தலைப்பில் அடுத்த கூட்டத்தின் தேதி வர வேண்டும், படம் ஒன்று போதும்" என்று எழுதியிருந்தது. அவர் இரண்டு தடவை படித்தார். "எந்தப் படம்?" என்று கேட்டார். அதை பத்திராதிபரே தீர்மானிக்கட்டும் என்றேன். மாசி இதழ் எனக்கு வந்தது. தேதி தலைப்பில் இருந்தது. படமும் ஒன்றுதான் இருந்தது. அது ஒழுகும் கூரையின் படமாக இருந்திருக்கலாம் என்று ஆசைப்பட்டேன்; தலைவரின் படந்தான். ஒரே வருஷத்தில் ஒன்பதை ஒன்றாக்கியது சாமானியமான சீர்திருத்தம் அல்ல.

இனி ஆற்றங்கரைக் கிளை. போட்டியில் சேராவிட்டாலும், அந்தத் தபால்காரருக்கும் மற்றவர்களைப் போலவே ஒரு கடிதம் எழுதினேன். அவருடைய பழைய இதழ்கள் மூன்றை எடுத்துப் படித்து, மெச்சத் தக்கவை இரண்டு என்ற இடத்தில், திருத்தம் போடும் தைரியத்தையும் வரவு செலவைக் காசு விடாமல் சொல்லும் நேர்மையையும் குறிப்பிட்டேன். திருத்தக் கூடியது ஒன்று என்ற இடத்தில் எழுதுவதற்கு வெகு நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. கடைசியில், "கூட்டத் தேதியைத் தமிழ் மாதக் கணக்கில் மட்டும் எழுதுகிறீர்கள். இளைஞர்களுக்காக இங்கிலீஷ் தேதியையும் சேர்க்கலாம்" என்று எழுதினேன். அதன் கீழே, முதல் வருஷம் மேடையில் வரிசை வாசித்தது என் பிழை என்றும், அதற்காக வருந்துகிறேன் என்றும் இரண்டு வரி சேர்த்துத் தபாலில் போட்டேன். தபால்காரருக்கு வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்பது மரியாதையாகத் தோன்றவில்லை.

பதில் வரவில்லை. பங்குனி மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது மேஜைமேல் ஒரு தபால் கிடந்தது. பிரித்தால், இரண்டு பக்கம், அதே கையெழுத்து. தலைப்பில் அடுத்த கூட்டத்தின் தேதி, தமிழிலும் இங்கிலீஷிலும். கீழே புதுப் புஸ்தகங்கள் பதினாலு. வரவு செலவில் தேநீர் 52 ரூபாய் ஆகியிருந்தது. கடைசி மூலையில் வழக்கம்போல் இப்படி இருந்தது:

"திருத்தம்: இத்தாள் நின்றுவிட்டதாக நம் ஊரில் சிலர் சொல்லுகிறார்கள். அது சரியல்ல. சென்ற வருஷத்து மாசி இதழ் பதின்மூன்று மாதம் தாமதமாக வந்திருக்கிறது."

என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதற்கு எத்தனை மார்க்கு?" என்று கேட்டாள். விதிப்படி காலந்தவறாமைக்குப் பதினைந்துக்குப் பூஜ்யந்தான் போட வேண்டும். நல்ல வேளையாக அது போட்டிக்கு வந்த தாள் அல்ல. பேனாவை மூடி வைத்துவிட்டு, உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.